மூக்கு நுனியில் ஒரு கொப்புளம்

அப்புசாமிக்குப் பார்வை இருந்தது இடது கண்ணில் மட்டும்தான். வலது கண் இருக்க வேண்டிய இடத்தில் கண் மாதிரி ஒன்று இருந்தது. அது வெள்ளை படர்ந்துபோய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எலச்சிபாளையத்துக்கு வடக்கே, தோட்டக்காட்டுக்குள் தனியாக நிற்கும் அவர் வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் அந்தக் கண்ணை முதலில் பார்த்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் பார்ப்பார்கள். அவருக்கு அதில் வருத்தமெல்லாம் கிடையாது. ஒன்று இருக்கிறதே, போதாதா என்பார்.

பத்தொன்பது வயதில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் ஏறியவர். திருச்செங்கோட்டு வண்டிகள் போகாத ஊர் ஏது? ஆந்திரா, ஒடிசா, சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று போன இடமெல்லாம் பூமியில் ஓட்டை போட்டுவிட்டு வந்தார். ஹெல்பராகப் போய் டிரில்லர் ஆனார். ஒடிசாவில் ஒரு மலைக்காட்டில் கருங்கல் பாறையை உடைத்துக்கொண்டிருந்தபோது, கம்பரசர் காற்றோடு மேலே வந்த கல் சில்லு ஒன்று வலது கண்ணில் அடித்தது. துண்டை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டு அந்த போர்வெல்லை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று கூட இருந்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அதைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு என்னமோ அது பெரிய முட்டாள்தனமாகத்தான் படுகிறது. சீக்கிரம் போயிருந்தால் கண் தப்பியிருக்குமோ என்னவோ. ஆனால் அப்புசாமி எப்போதும் அப்படித்தான். தன் உடம்பை அடுத்தவன் வீட்டு மாடு மாதிரி பார்ப்பார்.

ரிக் வேலைக்குப் போனவர்களுக்கு வீடு என்பது மழைக்காலத்தில் மட்டும் இருக்கும் இடம். மழை பிடித்தால் வண்டிகள் ஊர் திரும்பும். நின்றால் மறுபடி கிளம்பிவிடும். குப்பாயியைக் கட்டிக்கொண்டு வந்த பிறகும் முப்பது வருஷத்துக்கு மேல் இதே கதைதான். ஒவ்வொரு தடவை வரும்போதும் குப்பாயி கொஞ்சம் மாறியிருப்பாள். ஒரு வருஷம் மெலிந்திருப்பாள். ஒரு வருஷம் காதோரம் நரைத்திருக்கும். மகன் குணசீலன் ஒரு மழைக்குத் தவழ்ந்துகொண்டிருந்தான், அடுத்த மழைக்கு இவரைப் பார்த்து யாரோ என்று பயந்து ஓடினான். அறுபது வயதானதும் வண்டியை விட்டு இறங்கி வீட்டோடு வந்துவிட்டார் அப்புசாமி. இரண்டு ஏக்கரில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி, இரண்டு மாடு, பால் ஊற்ற ஒரு டிவிஎஸ் வண்டி. குணசீலன் இப்போது ராய்ப்பூர் பக்கம் ரிக்கில் இருக்கிறான். ஏழு வருஷமாக நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

இந்தப் பங்குனியில் ஒரு நாள் காலையில் தலை வாரும்போது இடது பக்கம் சுரீர் என்றது. சீப்பு பட்டதும் நெருப்புக் குச்சியைக் கிழித்து வைத்தது போல இருந்தது. ஒத்தைத் தலைவலி என்று நினைத்தார். மறுநாள் புருவத்துக்கு மேலே தோலுக்கடியில் எரிந்தது, துண்டைத் தலையில் சுற்ற முடியவில்லை. உடம்புச் சூடு என்று முடிவு கட்டிய குப்பாயி விளக்கெண்ணெய் வைத்துத் தலைக்கு ஊற்றிவிட்டாள். மருந்துக்கடையில் சொல்லித் தலைவலி மாத்திரை வாங்கிப் போட்டார். ஒன்றும் கேட்கவில்லை.

அவருக்குள் பயம் நுழைந்தது அங்கேதான். வாதம் வரப்போகிறதோ என்று சந்தேகம். யாரும் பார்க்காதபோது கண்ணாடி முன்னால் நின்று வாய் கோணுகிறதா என்று இளித்து இளித்துப் பார்த்தார். குப்பாயி வந்தால் பல் விளக்குகிற மாதிரி விரலை வாயில் விட்டுக்கொள்வார்.

சனிக்கிழமை விடிந்தபோது விஷயம் வெளியில் வந்துவிட்டது. இடது புருவத்திலிருந்து உச்சி முடி வரைக்கும் சிவந்து தடித்து, அதன்மேல் கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளங்கள். காப்பியோடு வந்த குப்பாயி டம்ளரைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, இது அக்கிங்க."

அக்கி என்றால் அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் ஒரு பயம் உண்டு. அது பாம்பு மாதிரி உடம்பைச் சுற்றி வரும், தலையும் வாலும் ஒன்று சேர்ந்துவிட்டால் ஆள் பிழைக்க மாட்டார் என்பார்கள். செய்தி கேட்டு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய குப்பாயியின் தம்பி கதிர்வேல் அதை இன்னும் விளக்கமாகச் சொன்னான். வையப்பமலைப் பக்கம் அவனுடைய பங்காளி ஒருவருக்கு இடுப்பில் வந்ததாம், முன்பக்கம் நாலு விரல் இடைவெளி இருக்கும்போது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்டார்களாம், அன்றைக்கே சேர்ந்துவிட்டதாம், ஆள் போய்விட்டாராம். கதிர்வேலிடம் எந்த நோயைச் சொன்னாலும் அதில் செத்துப்போன பங்காளி ஒருவர் தயாராக இருப்பார். ஆனால் பயந்து கிடக்கிறவனுக்கு இதெல்லாம் எங்கே தோன்றும்? தலையில் வந்தால் எப்படிச் சுற்றும் என்று அப்புசாமி மெல்லக் கேட்டார். நெற்றியில் கிளம்பிப் பின்மண்டை வழியாகச் சுற்றி மறுபடி நெற்றிக்கே வரும் என்று கதிர்வேல் தன் தலையிலேயே விரலால் ஓட்டிக் காட்டினான்.

அன்றைக்கு முழுக்க மூன்று பேரும் அவருடைய பின்மண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குப்பாயி முடியை விலக்கி விலக்கிப் பார்த்தாள். அவர் நெற்றி நடுவில் விரலை வைத்துக் கொப்புளம் அந்தப் பக்கம் தாண்டிவிட்டதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தார். தாண்டவில்லை. தாண்டாதது கொஞ்சம் தெம்பாக இருந்தது. சாயங்காலம் மூக்கு நுனியில், இடது ஓரத்தில், கடுகு அளவுக்கு ஒரு கொப்புளம் எழும்பியது. கொசு கடித்திருக்கும் என்றாள் குப்பாயி. பின்மண்டைக்கு அது வெகு தூரம் என்பதால் யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கதிர்வேல் போய் தீர்த்தகிரியை அழைத்துக்கொண்டு வந்தான். சட்டி பானை சுடுகிற குடும்பம் அவருடையது. சுற்று வட்டாரத்தில் அக்கி எழுதுவது அவர்தான். காசு வாங்க மாட்டார். நல்ல மனிதர், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. செங்காவியை ஒரு கொட்டாங்குச்சியில் குழைத்து, கோழி இறகால் தொட்டு, அப்புசாமியின் நெற்றியில் ஒரு சிங்கத்தை எழுதினார். அது சிங்கம் என்று அவர் சொன்னதால்தான் தெரிந்தது. பிறகு கொப்புளம் இருந்த இடமெல்லாம் கெட்டியாகப் பூசினார். மூக்கு நுனியில் இருந்ததையும் பார்த்து அதன்மேல் ஒரு வட்டம் போட்டு மூடினார். குழைத்த காவி குளிர்ச்சியாக இருந்தது. அப்புசாமிக்கு இரண்டு நாளில் முதல் தடவையாக மூச்சு நிதானமாக வந்தது. போகும்போது தீர்த்தகிரி மூன்று நாளைக்குத் தண்ணீர் படக்கூடாது, மாத்திரை ஊசி எதுவும் ஆகாது, மீறினால் அக்கி உள்ளே இறங்கிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை இடது கண் சிவந்து, தண்ணீராகக் கொட்ட ஆரம்பித்தது. வெளிச்சத்தைப் பார்த்தால் ஊசி குத்துவது போல இருந்தது. காவித்தூள் விழுந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்தால் எதிரே குச்சிக்கிழங்குக் காடு. குச்சிக்கிழங்கு இலை கை விரித்த மாதிரி இருக்கும். அந்த விரல்களைக் கட்டிலில் இருந்தே எண்ணிவிடுவார். மத்தியானத்துக்கு மேல் எண்ண முடியவில்லை. சாயங்காலம் இலையே தனித்தனியாகத் தெரியவில்லை, பச்சையாக ஒரே மொத்தையாக இருந்தது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். சாய்ந்து பார்த்தார். எழுந்து நாலடி முன்னே போய் நின்று பார்த்தார்.

யாரிடமும் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்று இருந்தது அவருக்கு. சொல்லாத வரைக்கும் அது காவித்தூளாகவே இருக்கும், நாளைக்குச் சரியாகிவிடும். கட்டிலிலேயே கிடந்தார். ஒடிசா காட்டில் ஒரு கண் போனபோதுகூட இப்படிப் பயந்ததில்லை. அன்றைக்கு இன்னொன்று இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை குப்பாயி காப்பியை நீட்டினாள். அவர் கை டம்ளருக்கு அந்தப் பக்கம் போய்க் காற்றைப் பிடித்தது. சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். குப்பாயி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையை அவர் முகத்துக்கு முன்னால் விரித்து, எத்தனை விரல் என்று கேட்டாள்.

"கை தெரியுது புள்ள."

"வெரலச் சொல்லுங்க."

அவர் கை அந்த விரல்களைத் தேடித் தடவியது. குப்பாயி அதற்குமேல் கேட்கவில்லை. மூன்றாம் நாள் முடியாமல் வெளியில் போகக்கூடாதே என்று அவர் முனகியதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டு, அவர் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு தார்ரோட்டுக்கு வந்துவிட்டாள். அவளும் பயந்துதான் இருந்தாள். காவியோடு வெளியே கூட்டிப் போகிறோமே, வழியில் ஏதாவது ஆகிவிட்டால் ஊர் தன்னைத்தானே சொல்லும் என்று பஸ் வரும் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாதி முகம் கூத்து வேஷம் போட்ட மாதிரி சிவப்பாக, அந்தச் சிவப்புக்குள்ளே வீங்கி மூடிக்கொண்ட ஒரு கண், அந்தப் பக்கம் வெள்ளை விழுந்த இன்னொரு கண். பக்கத்து சீட்டில் கைக்குழந்தையோடு இருந்த பெண் எழுந்து முன்னால் போய்விட்டாள். அப்புசாமிக்கு அது தெரியவில்லை. ஜன்னல் பக்கம் வெளிச்சமும் நிழலும் மாறி மாறி ஓடுவது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. திருச்செங்கோடு நெருங்கினால் மலை தெரியும், சின்ன வயதிலிருந்து பார்த்த மலை. அன்றைக்கு மலை இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறமாக என்னமோ இருந்தது.

கண் டாக்டர் மஞ்சுளாவுக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அப்புசாமி உட்கார்ந்ததும் முகத்தைப் பார்த்துவிட்டு, காவியைத் துடைக்க வேண்டும் என்று நர்ஸிடம் பஞ்சு கேட்டார். அப்புசாமி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். தண்ணீர் படக்கூடாது, உள்ளே இறங்கிவிடும், தலையும் வாலும் சேர்ந்துவிடும் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். வெளியில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் குரல் உயர்ந்தது. டாக்டர் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. பஞ்சைக் கீழே வைத்துவிட்டுக் குப்பாயியிடம், காவிக்கு அடியில் எங்கெங்கே கொப்புளம் இருந்தது என்று கேட்டார். நெற்றி, புருவம், உச்சி என்று குப்பாயி காட்டிக்கொண்டே வந்தாள்.

"மூக்குல இருந்துச்சா?"

"நுனியில ஒண்ணுங்க. கொசுக்கடின்னு நெனச்சமுங்க."

டாக்டர் முகம் மாறியதைக் குப்பாயி பார்த்தாள்.

மூக்கு நுனிக்கு வருகிற நரம்பின் கிளைதான் கண்ணுக்குள்ளும் போகிறது என்று டாக்டர் சொன்னார். அங்கே கொப்புளம் வந்தவர்களில் பாதிப் பேருக்குமேல் கண்ணுக்குள்ளும் வந்திருக்கும், ஒரு நாள்கூடத் தாமதிக்கக்கூடாது என்றார். அப்புசாமிக்குச் சின்ன வயதில் சின்னம்மை போட்டதா என்று கேட்டார். ஏழெட்டு வயதில் போட்டிருந்தது, வேப்பிலையில் படுக்க வைத்திருந்தார்கள். அந்த அம்மைக் கிருமி உடம்பை விட்டுப் போகவே இல்லை என்றார் டாக்டர். இத்தனை வருஷமும் ஒரு நரம்பின் வேரில் சத்தமில்லாமல் கிடந்திருக்கிறது. வயதாகி உடம்பின் காவல் தளர்ந்ததும் எழுந்து அந்த நரம்பு போகிற வழியிலேயே வெளியில் வந்திருக்கிறது. கொப்புளம் எழும்புவதற்கு முன்னால் வந்த வலியும் எரிச்சலும் அதே நரம்புதான். அந்த நரம்பு ஒரு பக்கத்து ஆள்; நடுக்கோட்டைத் தாண்டி அடுத்த பக்கம் போகாது. அதனால் சுற்றி வருவது, தலையும் வாலும் சேருவது என்ற பேச்சே இல்லை என்றார்.

அப்புசாமி, பாறை வெடிப்பில் நிற்கிற தண்ணீர் மாதிரியா என்று கேட்டார். எத்தனை வருஷம் ஆனாலும் அந்த வெடிப்போடுதான் ஓடும், பாறையைத் தாண்டாது என்றார். டாக்டருக்கு அது அவ்வளவாகப் புரியவில்லை, ஆனாலும் ஆமாம் என்றார்.

"சாமி, கண்ணு போயிருமுங்களா?"

"இப்பவே சொல்ல முடியாதுங்கய்யா. இன்னைக்கு வந்துட்டீங்க. மொதல்ல நான் பாக்கணும்."

இல்லை என்று சொல்லிவிடுவார் என்று நினைத்திருந்தார் அப்புசாமி. சொல்ல முடியாது என்ற சொல் அவர் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. இரண்டு பயங்கள் அவருக்கு எதிரெதிரே நின்றன. காவியைக் கழுவினால் உயிர் போகும் என்று சொல்லக் கேட்டு வளர்ந்த பயம் ஒன்று. கழுவாவிட்டால் இருக்கிற ஒரே கண் போகும் என்கிற பயம் மற்றொன்று. எழுந்தார். குழாய் எங்கே என்று கேட்டார். நர்ஸ் கையைப் பிடிக்க வந்தபோது வேண்டாம் என்றுவிட்டு, குப்பாயியை மட்டும் பக்கத்தில் நிற்கச் சொல்லி, குனிந்து தன் கையாலேயே முகத்தில் தண்ணீரை அள்ளி விட்டார். எரிந்தது. சிவப்பாக ஓடிய தண்ணீர் வெளுக்கும் வரை விட்டார். உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது போல ஒரு நிமிஷம் அப்படியே குனிந்து நின்றார்.

டாக்டர் அவர் கண்ணில் மஞ்சள் சாயம் ஒரு சொட்டு விட்டு, நீல வெளிச்சத்தை வைத்துப் பார்த்தார். கருவிழியில் கிருமி கிளை விட்டிருந்தது. கொப்புளம் வந்து மூன்று நாளுக்குள் மாத்திரையை ஆரம்பித்தால்தான் நன்றாகக் கேட்கும், இவர் அந்த விளிம்பில் வந்திருக்கிறார் என்றார். ஒரு நாளைக்கு ஐந்து வேளை மாத்திரை, கண்ணுக்கு மருந்து. கடையில் தானாகக் கேட்டு எந்தச் சொட்டு மருந்தும் வாங்கி ஊற்றக்கூடாது, சில மருந்து கண்ணையே கெடுத்துவிடும். கொப்புளம் காய்ந்து பொருக்கு ஆகும் வரைக்கும் அம்மை போடாத குழந்தைகளும் கர்ப்பிணிப் பெண்களும் பக்கத்தில் வரக்கூடாது. அந்த நீர் பட்டால் அவர்களுக்கு அம்மையாக வரும். இரண்டு நாளுக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும். எல்லாவற்றையும் குப்பாயி திருப்பிச் சொல்லிக் காட்டினாள்.

அடுத்து வந்த நாட்கள்தான் மோசம். வலி நெற்றியைக் குத்திக் கிளறியது; மின்விசிறிக் காற்று பட்டால்கூடப் பல்லைக் கடித்தார். கண்ணில் மருந்து விட்டதும் உலகம் பால் ஊற்றிய மாதிரி ஆகிவிடும். காலையில் விழிப்பு வந்தாலும் கண்ணைத் திறக்காமல் கிடப்பார். திறந்து பார்த்து நேற்றைவிடக் குறைந்திருந்தால் என்ன செய்வது? கதிர்வேல் வந்து, காவியைக் கழுவியது தப்பு, தீர்த்தகிரியிடம் போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தான். குப்பாயி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

ஒரு மத்தியானம் மாட்டுக்குத் தீவனம் அறுத்துக்கொண்டு வந்த குப்பாயி, வாசலில் அவர் நடப்பதைப் பார்த்தாள். இரண்டு கண்ணையும் இறுக்க மூடியிருந்தார். ஒரு கை சுவரைத் தடவிக்கொண்டு போனது. கட்டிலிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்குப் போய், தொட்டியின் விளிம்பைத் தொட்டுவிட்டு, திரும்பி வந்தார். பாதியில் சாணிக்கூடையில் கால் இடறி முட்டி போட்டு விழுந்தார். எழுந்து மறுபடி நடந்தார். கண்ணை மட்டும் திறக்கவில்லை.

"என்னுங்க பண்ணிட்டு இருக்கறீங்க?"

"பழகிக்கறன் புள்ள."

குப்பாயி தீவனக் கட்டை அப்படியே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் முன்னால் அவள் அப்படி அழுதது இல்லை. அவர் தடவிக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இருட்டப் பத்திப் பயமில்ல புள்ள," என்றார். "வண்டியிலேயே கெடந்துட்டன் முப்பது வருசம். ஒம் மூஞ்சிய நான் பாத்ததே கொஞ்சம். ஊட்டுக்கு வந்து இப்பத்தான் பாத்துட்டு இருந்தன். அது மறந்துருமோன்னு பயமா இருக்குது."

குப்பாயி முந்தானையால் மூக்கைச் சிந்தினாள்.

"எம் மூஞ்சி எங்கயும் போயிராது. மாத்தர நேரமாச்சு, எந்திரிங்க."

சித்திரை பாதியில் பொருக்கு உதிர்ந்தது. கண் சிவப்பு மெல்ல வடிந்தது. ஒரு நாள் காலையில் கட்டிலில் படுத்தபடி எதிரே பார்த்தவர், பச்சை மொத்தைக்குள் ஒரு இலை தனியாக ஆடுவதைக் கண்டார். அதை நம்பப் பயந்து, அன்றைக்கு முழுக்கக் குப்பாயியிடம்கூடச் சொல்லவில்லை. டாக்டரிடம் போனபோது எழுத்துப் பலகையில் மேலிருந்து படித்துக்கொண்டே வந்தார். கடைசி இரண்டு வரியும் எறும்பாக ஓடின. கருவிழியில் மெல்லிய தழும்பு விழுந்திருக்கிறது, அந்த இரண்டு வரியும் திரும்பாது என்று டாக்டர் சொன்னார். மிச்சம் நிற்கும், ஆனால் இந்தக் கிருமி மறுபடியும் எட்டிப் பார்க்கலாம், கண் சிவந்தால் அன்றைக்கே வர வேண்டும். நெற்றி வலி மாசக்கணக்கில்கூட இருக்கலாம், நரம்பு வலிக்குத் தனி மாத்திரை தருகிறேன் என்றார். அப்புசாமி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கேட்க வேண்டியது அவருக்கு வேறொன்று இருந்தது.

"இவளுக்கும் சின்னதுல அம்மை போட்டுருக்குதுங்க. இவளுக்கும் வருமுங்களா?"

வரலாம் என்றார் டாக்டர். ஐம்பது வயதுக்குமேல் யாருக்கு வேண்டுமானாலும் வரலாம்; வயது ஏற ஏற வாய்ப்பும் ஏறும், வலியும் கூடும். வராமல் தடுக்க ஒரு தடுப்பூசி இருக்கிறது, இரண்டு தடவை போட வேண்டும், இடையில் இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம். அப்படியும் நூற்றுக்கு நூறு என்று சொல்ல முடியாது, ஆனால் வந்தாலும் இந்த அளவுக்கு வதைக்காது. அப்புசாமிக்கும் முழுக்கக் குணமான பிறகு போடலாம். ஊசி போட்டால் ஒன்றிரண்டு நாள் கை வலிக்கும், காய்ச்சலும் வரலாம், பயப்பட வேண்டாம்.

தனக்கு எதற்கு, கல்லு மாதிரி இருக்கிறேன் என்றாள் குப்பாயி. வீட்டுக்கு வந்த பிறகும் அதையேதான் சொன்னாள். அப்புசாமி வாதாடவில்லை, அவருக்கு வாதாடத் தெரியாது. பால் ஊற்றிவிட்டு வந்து, சாப்பிட உட்கார்ந்து, தட்டைத் தொடாமலேயே இருந்தார். மூன்று வேளை அப்படி இருந்தார். நாலாவது வேளை குப்பாயி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, எந்த நாளைக்குப் போகலாம் என்று கேட்டாள்.

டாக்டர் சொன்னது மாதிரியே ஊசி போட்ட மறுநாள் குப்பாயிக்குக் காய்ச்சல். தோள் வீங்கி, கையைத் தூக்க முடியாமல் படுத்துவிட்டாள். முன்னாலேயே சொல்லியிருந்தும் அப்புசாமிக்குப் பயம் விடவில்லை. தன்னால்தான் இவளுக்கு இப்படி ஆயிற்று என்று மாட்டுக்கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடந்தார். கஞ்சி வைத்து, அதைத் தீய விட்டு, மறுபடி வைத்தார். அவள் தூங்கும்போது கட்டில் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, நெற்றியிலும் மூக்கு நுனியிலும் ஏதாவது எழும்புகிறதா என்று குனிந்து பார்த்தார். எழுத்துப் பலகையில் கடைசி வரி தெரியாத கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரிய, முகத்துக்கு வெகு பக்கத்தில் போக வேண்டியிருந்தது.

தலையணையில் அவள் முகம் சாய்ந்திருந்ததில் தாடைக்கு அடியில் ஒரு தழும்பு தெரிந்தது. பழைய தழும்பு, வெளுத்து, ஒரு விரல் நீளத்துக்கு. அப்புசாமி அதை அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

குப்பாயி கண்ணைத் திறந்தாள்.

"இது எப்பப் பட்டுது புள்ள?"

அவர் விரலை வைத்த இடத்தைத் தானும் தொட்டுப் பார்த்தாள். "குணசீலன் வயித்துல இருந்தப்ப. கெணத்து மேட்டுல வழுக்கி உழுந்துட்டன். ஏழு தையல்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "நீங்க அப்ப ராஜஸ்தான்ல இருந்தீங்க."

"சொல்லவே இல்லையே."

"வந்தப்ப ஆறிப்போச்சு. காட்டறதுக்கு என்ன இருக்குது?"

அப்புசாமி விரலை எடுக்கவில்லை. கஞ்சி ஆறுகிறது என்று அவள் சொன்னாள். ஆறட்டும் என்றார் அவர். கண்ணில் வழிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டு, யார் தூக்கியது, யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது, ரொம்ப வலித்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார்.